வாங்கியதை வெட்டாதீர்கள்: மென்பொருள் எடுக்கப் போகும் தொழில்முனைவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மேசையின் ஒரு பக்கம் ஆயத்த மென்பொருள் ஒன்றின் விலைப்பட்டியல், இன்னொரு பக்கம் "உங்களுக்கென்றே தனியாகச் செய்து தருகிறோம்" என்று ஒரு குழு கொடுத்துவிட்டுப் போன கொட்டேஷன், இரண்டில் எதில் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் 20 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் பாதியில் நிறுவனங்களுக்காகப் புதிதாக மென்பொருள் எழுதினேன், அடுத்த பாதியில் ஆயத்த மென்பொருளைக் கொண்டுபோய் நிறுவனங்களில் பொருத்திக் கொடுத்தேன். இரண்டு வகையிலும் நன்றாக ஓடியவை உண்டு. இரண்டிலும் கண்ணெதிரே வீணாய்ப் போனவையும் உண்டு. வீணாய்ப் போனவற்றில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால்தான் போயின என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்ததால்தான் இந்த மடல்.

முதலில் அந்தச் சட்டைக் கதையை மறந்துவிடுங்கள். உங்களைப் பார்க்க வருகிற யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள்: கடையில் வாங்கிய சட்டை சுமாராகப் பொருந்தும், அளவெடுத்துத் தைத்தது கச்சிதமாகப் பொருந்தும், மென்பொருளும் அப்படித்தான் என்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தைத்த சட்டையை வாங்கிக்கொண்டு வந்த பிறகு தையல்காரர் உங்களுக்குத் தேவையில்லை. மென்பொருளை எழுதியவர் அதற்குப் பிறகுதான் தேவைப்படுகிறார், ஏனென்றால் அது நிற்கிற தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2020 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1 அன்று பைத்தான் 2 என்ற நிரல்மொழிப் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது, ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு முடிந்தது, டிசம்பர் 31 அன்று, இணையப் பக்கங்களில் அசையும் படங்களை ஓட்டிய ஃபிளாஷ் முடிந்தது. இவற்றை நம்பி எழுதப்பட்டிருந்த எத்தனையோ நிறுவனங்களின் சொந்த மென்பொருள்களில் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனாலும் அவையெல்லாம் அந்த ஆண்டில் பழையதாகிப் போயின. யாராவது உட்கார்ந்து அவற்றைப் புதிய தரைக்கு மாற்றியாக வேண்டியிருந்தது. எழுதிய ஆள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இதற்கு மேல் வரி விதிகள் மாறும், வங்கி தன் கோப்பு வடிவத்தை மாற்றும், நீங்களே புதுக் கிளை திறப்பீர்கள்.

ஆகவே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, இந்த வேலையை அடுத்த பத்து வருடம் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதைத்தான். ஆயத்த மென்பொருளில் அந்தச் சுமையை ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் சேர்ந்து சுமக்கிறீர்கள். தனியாகக் கட்டினால் நீங்கள் ஒருவர் சுமக்கிறீர்கள். இது தெரிந்து கட்டுகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

என் கவலையெல்லாம் மூன்றாவது வழியில் போகிறவர்களைப் பற்றித்தான். ஆயத்த மென்பொருளை வாங்குவது, அப்புறம் அதன் உள்ளே கையை விட்டு, "எங்கள் முறைப்படி" இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு திரையையும் ஒவ்வொரு கணக்கையும் வெட்டி ஒட்டி மாற்றுவது. பார்ப்பதற்கு இது நியாயமான நடுவழி போலத் தெரியும். இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் இதில் இறங்குகிறார்கள். கிடைப்பது இரண்டின் செலவும்தான். ஆயத்த மென்பொருளுக்கான லைசென்ஸ் கட்டணம் வருடா வருடம் போகும், ஆனால் அதைச் செய்தவர்கள் வெளியிடும் புதிய பதிப்பு எதையும் உங்களால் போட முடியாது, போட்டால் உங்கள் மாற்றங்கள் உடையும். தனியாகக் கட்டியது போல எல்லாவற்றையும் நீங்களேதான் பராமரிக்க வேண்டும், ஆனால் அடியில் இருக்கும் நிரல் உங்களுடையது அல்ல, அதை முழுதாகப் புரிந்தவர் உங்கள் பக்கம் யாரும் இல்லை.

இந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. பல வருடங்களுக்கு முன்னால், சரக்குகளை வாங்கி விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆயத்த இஆர்பி (கொள்முதல், கிடங்கு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) ஒன்றைப் பொருத்தினோம். தள்ளுபடி கொடுக்க வேண்டுமென்றால் மூன்று பேர் வரிசையாக ஒப்புதல் தர வேண்டும், அதுவும் இரண்டாமவர் மறுத்தால் மூன்றாமவருக்குப் போகாமல் முதலாமவருக்கே திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள். அந்த மென்பொருளில் ஒரு கட்ட ஒப்புதல்தான் இருந்தது. நான் உள்ளே போய் மாற்றி எழுதினேன். அதைப் பார்த்து அடுத்த பிரிவு ஒன்று கேட்டது, அப்புறம் கிடங்கு கேட்டது. ஒன்றரை வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். ஒவ்வொன்றையும் கேட்டவர்களுக்கு அது நியாயம், எழுதிய எனக்கு அது வேலை. மூன்றாம் வருடம் அந்த இஆர்பியின் புதிய பதிப்பு வந்தது, பழைய பதிப்புக்கு ஆதரவு நிற்கப் போகிறது என்று கடிதமும் வந்தது. எங்கள் மாற்றங்களோடு அதற்கு மாற எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டோம். முதல்முறை பொருத்திய செலவை விட அதிகமாக வந்தது.

அப்போது ஒவ்வொரு மாற்றமாக எடுத்து, இது இன்னும் தேவையா என்று விசாரிக்க உட்கார்ந்தோம். அந்த மூன்று கட்ட ஒப்புதல் ஏன் வந்தது என்று கேட்டபோது, பழைய ஊழியர் ஒருவர் சொன்னார்: முன்பு இருந்த ஒரு விற்பனை மேலாளர் தனக்கு வேண்டியவர்களுக்குக் கண்டபடி தள்ளுபடி கொடுத்துவிட்டார், அவரைக் கட்டுப்படுத்தத்தான் அந்த ஏற்பாடு. நான் அந்த நிரலை எழுதுவதற்கு நான்கு வருடம் முன்பே அந்த மேலாளர் வேலையை விட்டுப் போயிருந்தார். யாரோ ஒருவருக்காகப் போட்ட வேலி, அவர் போன பிறகும் நிறுவனத்தின் "தனித்தன்மை" என்ற பெயரில் நின்றுகொண்டிருந்தது, அதைப் பணம் கொடுத்து மென்பொருளுக்குள்ளும் நட்டுவிட்டோம். நான் அன்றைக்கே "ஏன்" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் நடப்பதல்ல இது. ஜெர்மனியின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனமான லிடில், 2011-ல் எஸ்ஏபி என்ற ஆயத்த மென்பொருளுக்கு மாறும் வேலையைத் தொடங்கியது. லிடில் தன் கையிருப்புச் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்டு வந்தது. அந்த மென்பொருள் விற்பனை விலையை அடிப்படையாக வைத்திருந்தது. தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாமல் மென்பொருளை மாற்றச் சொன்னார்கள் என்றும், அதிலிருந்துதான் சிக்கல் வளர்ந்தது என்றும் பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. ஏழு வருடம் கழித்து, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான பிறகு, 2018-ல் திட்டத்தையே கைவிட்டுவிட்டுப் பழைய சொந்த மென்பொருளுக்குத் திரும்பினார்கள். கனடா அரசு தன் ஊழியர்களுக்குச் சம்பளம் போட 2016-ல் தொடங்கிய ஃபீனிக்ஸ் முறையும் ஆயத்தமான பீப்பிள்சாஃப்ட் மென்பொருளின் மேல் கட்டியதுதான். ஏறத்தாழ 2,90,000 ஊழியர்கள், 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகள். விதிகளைக் குறைக்காமல் அவற்றுக்கேற்ப மென்பொருளை வளைத்தார்கள், அதோடு சோதனையையும் சுருக்கினார்கள். பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும் வந்தது, சிலருக்கு வரவே இல்லை. அவ்வளவு பணமும் ஆளும் இருந்தவர்களுக்கே அப்படி என்றால், ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் அந்த வழியில் போகக் கூடாது என்று நான் கெஞ்சுவதில் தவறில்லை.

சரி, அப்படியென்றால் எதை வாங்குவது, எதைக் கட்டுவது?

கணக்கு எழுதுவது, சம்பளம் போடுவது, வருகைப் பதிவு, விடுப்பு, பில், மின்னஞ்சல் இவற்றையெல்லாம் வாங்குங்கள், வாங்கியபடியே வையுங்கள். இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி அச்சுப் புத்தகத்தில் விளக்கியது 1494-ல். அன்றிலிருந்து எத்தனையோ தலைமுறை வியாபாரிகள் அதே முறையில் எழுதி வருகிறார்கள், அந்த வேலையில் உங்களுக்கு மட்டும் தனி வழி தேவைப்படாது. மென்பொருள் ஒரு மாதிரி கேட்கிறது, உங்கள் ஆட்கள் வேறு மாதிரி பழகியிருக்கிறார்கள் என்றால், ஆட்களின் பழக்கத்தை மாற்றுங்கள். முதல் இரண்டு மாதம் முணுமுணுப்பு இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். அமைப்புகளில் தேர்ந்தெடுத்துக்கொள்ள வசதி கொடுத்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், பில்லின் வடிவத்தை மாற்றுங்கள், அறிக்கை புதிதாக உருவாக்குங்கள், அதெல்லாம் அடுத்த பதிப்பில் உடையாது. நிரலுக்குள் கை வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஓடூ, இஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருள்களை எடுப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. நிரல் திறந்து கிடப்பதால் கை பரபரக்கும். அவற்றிலும் மாற்றத்தைத் தனி மாட்யூலாக வெளியே வைக்க வழி இருக்கிறது, மூல நிரலைத் தொட்டால் கதை பழைய கதைதான்.

கட்ட வேண்டியது எது என்பதை உங்கள் வாடிக்கையாளரிடமிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் ஏன் பக்கத்து நிறுவனத்துக்குப் போகாமல் உங்களிடம் வருகிறார்? நான் பார்த்த ஒரு நிறுவனம் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும். அழைப்பு வந்தால் மற்றவர்கள் மறுநாள் போவார்கள், இவர்கள் அன்றைக்கே போய் நிற்பார்கள். எந்தத் தொழில்நுட்பருக்கு எந்த இயந்திரம் தெரியும், அவர் இப்போது எங்கே இருக்கிறார், தேவைப்படும் உதிரிபாகம் யாருடைய வண்டியில் இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஆளை அனுப்பும் ஒரு அம்மா அந்த அலுவலகத்தில் இருந்தார். நிறுவனத்தின் பெயரே அவர் தலைக்குள் இருந்த அந்தக் கணக்கில்தான் நின்றது. அது எந்த ஆயத்த மென்பொருளிலும் அப்படியே கிடைக்காது. அதை மட்டும் கட்டினார்கள். இரண்டு பேர், நான்கு மாதம், அந்த அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினார்கள். பில்லும் கணக்கும் ஆயத்த மென்பொருளிலேயே இருந்தன. அது கொடுத்த ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு தகவல் பரிமாறும் வாசல்) வழியாக இந்தப் புதிய மென்பொருள் வாடிக்கையாளர் விவரத்தை வாங்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் பில்லுக்கான தகவலை அனுப்பிவிடும். பில் மென்பொருளை நாளைக்கே மாற்றினாலும் இந்தச் சின்ன மென்பொருளில் ஒரு மூலையைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

கட்டினால் இப்படிச் சின்னதாகத்தான் கட்ட வேண்டும். அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, வழக்குக் கோப்புகளைக் கணினியில் வைத்து நடத்த 'விர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்ற ஒன்றைத் தனியாகக் கட்டச் சொன்னது. தேவைகளைப் பட்டியலிட்ட ஆவணம் மட்டும் 800 பக்கத்துக்கு மேல். மாற்றங்கள் வந்துகொண்டே இருந்தன. 2005-ல், சுமார் 17 கோடி டாலர் செலவுக்குப் பிறகு, அதைத் தூக்கிப் போட்டார்கள். அடுத்து 'சென்டினல்' என்ற திட்டத்தை 2006-ல் ஒரு பெரிய ஒப்பந்ததாரரிடம் கொடுத்தார்கள், அதுவும் தாமதமானது. 2010-ல் அதைத் தங்கள் கைக்கே எடுத்துக்கொண்டு, சிறிய குழுவை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி ஊழியர்களிடம் காட்டித் திருத்தினார்கள். 2012-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. தேவை அதேதான். ஒரு முறை மலையாக எழுதிக்கொடுத்து வருடக்கணக்கில் காத்திருந்தார்கள், இன்னொரு முறை இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டாகப் பார்த்தார்கள். உங்களிடம் வரும் கொட்டேஷனில் "12 மாதம் கழித்து முழு மென்பொருளும் ஒப்படைக்கப்படும்" என்று இருந்தால் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். ஆறு வாரத்தில் உங்கள் ஆள் ஒருவர் உண்மையான வேலை ஒன்றை அதில் செய்து பார்க்கும்படி எதையாவது கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். பணம் கொடுத்து எழுதச் சொன்னால் நிரல் நமக்குத்தானே சொந்தம் என்று நினைக்கிறோம். பல நாடுகளின் சட்டப்படி, வெளியாள் எழுதிய நிரலின் பதிப்புரிமை, எழுத்து மூலம் உங்களுக்கு மாற்றிக் கொடுக்காத வரை, எழுதியவருக்கே சொந்தம். ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் பாருங்கள். சோர்ஸ் கோட் (மூல நிரல்) முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரிலுள்ள கணக்கில் சேமிக்கப்பட வேண்டும். சர்வரும் டொமைனும் (இணைய முகவரி) உங்கள் பெயரில், உங்கள் நிறுவன மின்னஞ்சலில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் சர்வர் கணக்கு, எழுதிக் கொடுத்தவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவர் தொடர்பில் இல்லாமல் போனார், சந்தா முடிந்தது, சர்வர் நின்றது. கெட்ட எண்ணத்தில் அவர் செய்தது கிடையாது, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த நிறுவனம் இரண்டு மாதம் நோட்டுப் புத்தகத்தில் ஆர்டர் எழுதியது.

"இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, ஒரு வாரத்தில் எழுதிவிடலாமே" என்று இந்த வருடம் மட்டும் என்னிடம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். எழுதலாம், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். முதல் பதிப்பின் செலவு உண்மையிலேயே குறைந்திருக்கிறது. ஆனால் நான் மேலே சொன்ன கதைகளில் எதிலும் நிரலைத் தட்டச்சு செய்ததால் பணம் போகவில்லை. என்ன வேண்டும் என்று தெரியாததால் போனது, பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் போனது. எளிதாக எழுத முடிகிறது என்பதற்காகச் சம்பள மென்பொருளைச் சொந்தமாக எழுதினால், விதி மாறும் ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

ஆயத்த மென்பொருள் விற்பவர்களை நான் தூக்கிப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். அங்கே கயிறு அவர்கள் கையில் இருக்கிறது. சர்வர்களை நிர்வகிக்கும் மென்பொருளை விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் என்ற நிறுவனம் வாங்கியது 2023 நவம்பரில், அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தா மட்டும்தான் என்றார்கள். அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம், வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்த சர்வரில் வைத்து ஓட்டும் பதிப்புகளுக்கான ஆதரவை 2024 பிப்ரவரியில் நிறுத்தியது. இதையெல்லாம் நம்மால் தடுக்க முடியாது, வெளியே போகிற வழியை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளலாம். அதனால் இலவசமாகச் சோதித்துப் பார்க்கக் கொடுக்கும் நாட்களில், திரைகள் அழகாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு முன்னால், பத்துப் பதிவுகளைப் போட்டு, அவற்றை முழுவதுமாக எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். பெயரும் முகவரியும் மட்டும் வருகிறதா, பழைய பில்களும் இணைத்த கோப்புகளும் யார் எப்போது மாற்றினார்கள் என்ற விவரமும் வருகிறதா? பெயர்ப் பட்டியல் மட்டும்தான் வெளியே வரும் என்றால் உங்கள் டேட்டா அங்கே அடகு வைத்த மாதிரி. பயனர் ஒருவருக்கு இவ்வளவு என்று சந்தா இருந்தால், ஆட்கள் மூன்று மடங்கானால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள்.

எதுவுமே வேண்டாம், எக்செல் போதும் என்ற முடிவும் சில நேரம் சரியான முடிவுதான். நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லை எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றாளர்களின் பதிவுகள் சில நாட்கள் கணக்கில் வராமல் போயின. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் கொள்ளும், மீதி சத்தமில்லாமல் விடுபட்டுவிட்டது. ஒரே தாளை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தி, எது கடைசி பதிப்பு என்று சண்டை வர ஆரம்பித்தால் அதுவே உங்களுக்கு அறிகுறி.

மாறும் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 1999-ல், நான்கு வருடம் எடுக்க வேண்டிய வேலையை 30 மாதத்துக்குள் சுருக்கி, ஆண்டின் மிகப் பெரிய விற்பனைக் காலத்துக்கான ஆர்டர்கள் வரத் தொடங்கும் நேரத்தில் புதிய மென்பொருள்களை ஒரே நேரத்தில் இயக்கியது. கிடங்கில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. உங்களுக்கு எந்த மாதம் கூட்டம் குறைவோ அந்த மாதத்தில் மாறுங்கள். அதற்கு முன்பே, பழைய பதிவுகளைச் சுத்தம் செய்யும் வேலையை இன்றைக்கே தொடங்கிவிடலாம், ஏனென்றால் வாங்கினாலும் கட்டினாலும் அது தேவை. ஒரே வாடிக்கையாளர் ஐந்து விதமான எழுத்தில் ஐந்து பேராகப் பதிந்திருப்பார், அவர் தர வேண்டிய பாக்கி அந்த ஐந்து பேரிடமும் சிதறிக் கிடக்கும். எந்த மென்பொருளும் அதைத் தானாகச் சரிசெய்து தராது, யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த டெமோவுக்கு நீங்களும் உங்கள் கணக்காளரும் மட்டும் உட்காராதீர்கள். தினமும் பில் போடுகிற ஊழியரையும் கிடங்கில் சரக்கு எண்ணுகிறவரையும் கூப்பிடுங்கள். நேற்று நடந்த நான்கு உண்மையான பில்களைக் கையில் கொடுத்து, அதில் ஒன்று திரும்பி வந்த சரக்காகவும் ஒன்று பாதிப் பணம் மட்டும் வந்த பில்லாகவும் இருக்கட்டும், அவற்றை அந்த ஊழியரே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பனைக்கு வந்தவர் மவுஸைத் தொடக் கூடாது. எங்கே அந்த ஊழியரின் கை நிற்கிறது என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். நின்ற ஒவ்வொரு இடத்திலும், மாற வேண்டியது மென்பொருளா நம் பழக்கமா என்று அங்கேயே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் கொட்டேஷனைப் படியுங்கள்.

அன்புடன்,
20 வருடமாக மென்பொருள் எழுதியும் பொருத்தியும் வரும் ஒருவர்